ஆடியில் ஒரு முகூர்த்தப் பட்டு

ஜூலை 5, ஞாயிறு

ஆவுடை கடைக்குப் போய்விட்டாள். ஊருக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை, ஜவுளிக்கடைக்கு அன்றைக்குத்தான் கூட்டம். நான் துணி துவைத்தேன், மாவு அரைத்தேன், பரணிலிருந்து அரிசி டப்பாவை எடுக்க ஸ்டூலில் ஏறினேன். ஸ்டூலின் ஒரு கால் ஆடுகிறது. அட்டையை மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். நாளைக்கு வைக்க வேண்டும்.

அவளுக்குக் கடையில் ஆறு மாதம் தகுதிகாண் பருவம். ஆவணியில் முடிகிறது. அதற்குப் பிறகு ஒன்று நிரந்தரம், இல்லையென்றால் வீடு. தகுதிகாண் பருவத்தைப் பற்றி என்னைவிட அறிந்தவன் இந்தத் திருநெல்வேலியில் இருக்க முடியாது. மூன்று இடத்தில் பார்த்திருக்கிறேன். தனியார் பள்ளியில், தாளாளரின் மருமகன் கணக்கைத் தப்பாகப் போட்டார் என்று பிள்ளைகள் முன்னாலேயே சொன்னேன். நிதி நிறுவனத்தில், வட்டி கட்ட வந்தவரிடம் கட்டாதீர்கள் என்று சொன்னேன். மருந்துக் கம்பெனியில் ஒன்றுமே சொல்லவில்லை. சும்மா பார்த்தேன், அதுவே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மூன்றிலிருந்தும் நானாகத்தான் வெளியே வந்தேன்.

இப்போது கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறேன். நாள் முழுவதும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆவுடை நாள் முழுவதும் நிற்கிறாள். வீட்டு வாடகை நிற்கிறவளின் சம்பளத்தில்தான் போகிறது. அவளுக்கு வேலை போனால் நாங்கள் பொன்னுத்தாய் பெரியம்மை வீட்டு மாடி அறைக்குத்தான் போக வேண்டும். பெரியம்மை விடிவதற்கு முன்பே பக்திப் பாடலை ஸ்பீக்கரில் போடுவாள். போட்டுவிட்டு மாடியேறி வந்து, "எந்திக்கலையால?" என்று கேட்பாள்.

ஜூலை 7

ஆவுடையின் பாதம் இரண்டும் இட்லி போல உப்பியிருக்கின்றன. தினமும் வெந்நீரில் கல்லுப்புப் போட்டு வைக்கிறேன். அவள் காலை உள்ளே விட்டதும் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில்தான் நான் கேள்வி கேட்பேன்.

"உக்காந்தா என்ன செய்வாவ?"

"மொதத் தடவ மொறைச்சாவ. ரெண்டாந் தடவ அரைநாள் சம்பளம். மூணாந் தடவ வீட்டுக்கு."

"கடையில வேல பாக்கவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமே இருக்குட்டி. நான் ஒரு மனு…"

அவள் கண்ணைத் திறந்தாள். "ஏங்க, என் கால் வீக்கத்தக்கூட தாங்கிக்கிடுவேன். ஒங்க மனுவ நெனச்சாத்தான் பயமா இருக்கு. நிரந்தரம் ஆவுற வரைக்கும் ஒண்ணும் எழுதாதிய."

"ஆனபொறவு?"

"ஆனபொறவு நான் பாத்துக்கிடுதேன்."

அவள் என்ன பார்த்துக்கொள்வாள்? அவளுக்கு யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாது. சேர்ந்த அன்றைக்கே மாடி மேனேஜர் தேவசகாயம், ஆவுடையம்மாள் என்ற பெயர் பட்டு செக்‌ஷனுக்குச் சரிப்படாது என்று சொல்லி, ஆஷா என்று அட்டை குத்திவிட்டார். தேவசகாயம் என்ற பெயர் மட்டும் எப்படிச் சரிப்பட்டது என்று அவள் கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன்.

ஜூலை 9

குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். கவலை எல்லாம் ஒன்றுமில்லை.

ஜூலை 15

வேட்டி எடுக்கப் போவது போலக் கடைக்குப் போனேன். வேட்டி கீழ்த்தளத்தில் இருக்கிறது. நான் நேராக மூன்றாவது மாடிக்குப் போனேன்.

ஆவுடையின் கவுண்டர் லிஃப்டை ஒட்டிய கடைசி மூலையில் இருக்கிறது. லிஃப்டிலிருந்து இறங்குகிறவர்கள் எதிரே விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிற கவுண்டர்களைப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார்கள். அவளைத் தீயணைப்புக் கருவி போல ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் வாடிக்கையாளர்களுக்கென்று வெல்வெட் ஸ்டூல்கள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. அவள் அவற்றின் நடுவே நின்றுகொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் இமைகூட அசையாமல், "சார், வேட்டி செக்‌ஷன் கீழ இருக்கு சார்" என்றாள். ஏழு ஊர் எதிர்த்துக் கட்டின பொண்டாட்டி என்னைச் சார் என்கிறாள்!

தேவசகாயம் வந்தார். நெற்றியில் வியர்வை, இடுப்பில் வாக்கிடாக்கி. "என்ன சார் பாக்கிய?"

"இந்த ஸ்டூல் எல்லாம் யாருக்கு?"

"கஸ்டமருக்கு சார்."

"கஸ்டமர் இல்லாதப்ப?"

"அப்பவும் கஸ்டமருக்குத்தான் சார்."

ஆவுடை என்னைப் பார்த்த பார்வையில் படியிறங்கிவிட்டேன். இரவு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "என்னப் பாக்க வந்தா சாதாரணமா பாருங்க. நீங்க பாத்த பார்வைக்கு செக்யூரிட்டி வந்து, அக்கா, அந்தாளு எதும் தொந்தரவு பண்ணுதானான்னு கேக்கான்."

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. தள்ளுபடிக் கூட்டம். மூன்றாவது மாடியில் மட்டும் ஈ ஓட்டுகிறார்களாம்.

பக்கத்துக் கவுண்டர் மெர்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய தகுதிகாண் பருவம் இந்த வாரத்தோடு முடிகிறது. முடியவிட்டால் நிரந்தரம் செய்ய வேண்டும் அல்லவா, அதற்கு முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, "ஒன் கவுண்டர்ல கூட்டமே நிக்கலயேம்மா" என்றாராம் தேவசகாயம். கூட்டம் வராத மூலையில் நிறுத்திவிட்டு, கூட்டம் வரவில்லை என்று அனுப்புகிறார்கள். இதற்கு ஒரு மாடி, அதற்கு ஒரு மேனேஜர், அவருக்கு ஒரு வாக்கிடாக்கி.

ஆவுடை இதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவள் சாப்பாட்டையும் நானே சாப்பிட்டேன். வீணாக்கக் கூடாது.

கூட்டம்தானே வேண்டும்? கூட்டத்தைக் காட்டிவிடலாம்.

ஜூலை 24

ஒரு கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனால் இந்த ஊரில் எத்தனை பேர் போவார்கள்? கல்யாணத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போவார்கள். அப்படி ஒரு கூட்டம் வேன் பிடித்து வந்து ஆவுடையின் கவுண்டரை மொய்த்தால்? பட்டைப் புரட்டிப் பார்த்து, அவளை வாயாரப் புகழ்ந்து, "எடுத்து வைம்மா, நல்ல நேரம் பாத்து வந்து பில் போடுதோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். எல்லாக் கல்யாணக் கூட்டமும் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறது. கல்யாணம் மட்டும்தான் பாக்கி. அது இல்லாவிட்டால் என்ன?

பொன்னுத்தாய் பெரியம்மைக்கு ஒரு மகன், நம்பிராஜன். செல்போன் கடை வைத்திருக்கிறான். சீதா அத்தைக்கு ஒரு மகள், வடிவு. நர்ஸிங் படிக்கிறாள். பெரியம்மை அம்மா வழி, அத்தை அப்பா வழி. இரண்டு பேரும் என் கல்யாணத்தில் வாழைப்பழத்துக்காகச் சண்டை போட்டவர்கள். இருந்தாலும் ஆவுடைக்காக வருவார்கள்.

பெரியம்மைக்கு ஒரே ஒரு சந்தேகம். "ஏல, ஆடியில எவம்ல முகூர்த்தப் பட்டு எடுப்பான்?"

"பெரியம்மை, மாசத்துல நல்ல மாசம் கெட்ட மாசம்னு ஒண்ணும் கெடையாது. அதெல்லாம் நம்மள ஏமாத்துறதுக்குக் கட்டிவிட்டது." பூமி சூரியனைச் சுற்றுவது பற்றியும் கொஞ்சம் விளக்கினேன்.

"சரில சரி. மத்தியானச் சாப்பாடு உண்டா?"

ஜூலை 27

மனு எழுத ஒருவரும் வரவில்லை. போனில் பேசியே பொழுது போனது. பிரச்சினை என்னவென்றால், பெரியம்மை, அத்தை இருவருமே மாப்பிள்ளை வீடாக இருக்க விரும்புகிறார்கள். இல்லாத கல்யாணத்தில்கூடப் பெண் வீடாக இருக்க ஒருவரும் தயாராக இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் பற்றி நான் நாற்பது பக்கம் எழுத முடியும். நேரமில்லை.

"அத்த, ஒங்களுக்கு இருக்கது பொண்ணு. நீங்க எப்படி மாப்பிள்ள வீடாவ முடியும்?"

"அதத்தாம்ல நானும் இருவது வருசமா சாமிகிட்ட கேக்கேன்" என்றாள் அத்தை.

ஆவுடைக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் அவளுக்கு நடிக்க வராது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பின்னால் யாராவது மாற்றிச் சொல்லக்கூடும்.

வேனில் எல்லாரும் வந்தார்கள். நான் வேனிலேயே இருப்பதாகத்தான் ஏற்பாடு. மாடியில் நிலவரம் எப்படியோ என்று மனம் கேட்கவில்லை. படியேறிப் போய், பட்டுப் பாவாடை கட்டிய ஒரு பொம்மைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

லிஃப்ட் திறந்து என் குடும்பம் மொத்தமும் இறங்கியதும் ஆவுடையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கரண்ட் போன டியூப் லைட்.

"ஏம்மா ஆஷா," என்றாள் பெரியம்மை, மாடி முழுவதும் கேட்கும்படி, "ஒங்கிட்டதான் பட்டு நல்லாருக்கும்னு சங்கரன்கோயில் வரைக்கும் பேசுதாவளே!" அடுத்த மூச்சிலேயே, "ஏட்டி ஆவுடை, மெலிஞ்சு போயிட்டியே. அவன் ஒழுங்காப் பொங்கிப் போடுதானா இல்லியா?"

"வாங்கம்மா, உக்காருங்க" என்றாள் ஆவுடை.

கூட்டத்தைப் பார்த்து தேவசகாயம் ஓடி வந்தார். கல்யாணக் கூட்டம் என்று கேட்டதும் ஒரு நிமிடம் பெரியம்மையையே பார்த்தார். பிறகு காப்பி சொன்னார். வேலை நடக்கிறது என்று நான் பொம்மையின் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

அந்தக் காப்பியில்தான் எல்லாம் தொடங்கியது. தட்டு முதலில் சீதா அத்தை பக்கம் போய்விட்டது. பெரியம்மைக்கு வருவதற்குள் ஆடை படிந்துவிட்டது.

"மாப்பிள்ள வீட்டுக்கு ஆறின காப்பியா?"

"எல்லாம் ஒரே காப்பிதான் மதினி" என்றாள் அத்தை, சூடாகக் குடித்துக்கொண்டே.

ஆவுடை அரக்கு நிறத்தில் ஒரு பட்டை விரித்தாள். அத்தை அதை எடுத்து வடிவின் தோளில் போட்டாள். பெரியம்மை அதை எடுத்துவிட்டு மாம்பழ மஞ்சளைப் போட்டாள். "முகூர்த்தப் பட்டு மாப்பிள்ள வீட்டுல எடுக்கது. நாங்க சொல்லுத கலருதான்."

"கட்டப்போறது எம் மவள்லா?"

"அதனாலதான் சொல்லுதேன். பிள்ள கறுப்பு. அரக்கு எடுக்காது."

அத்தை காப்பி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"கறுப்பா? ஒம் மவன் மண்டையில முடி இருக்காட்டி? வழுக்கைக்கு என் மவள குடுக்கேன்னு சம்மதிச்சதே பெருசு!"

"ஏ, நானா வந்து பொண்ணு கேட்டேன்?"

"அம்மா, போவோமா?" என்றான் நம்பிராஜன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எங்கிட்ட யாராவது கேட்டியளா?" என்றாள் வடிவு.

அதற்குள் தள்ளுபடிக்கு வந்த பெண்கள் எல்லாம் மற்ற மாடிகளிலிருந்து ஏறி வந்துவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் நடுவில் புகுந்து, "கல்யாணம்னா நாலு பேச்சு வரத்தாம்மா செய்யும், விட்டுக் குடுங்க" என்று பஞ்சாயத்து பேசினார். அவர் மனைவி மாப்பிள்ளை வீட்டுக் கட்சி, அவர் பெண் வீட்டுக் கட்சி. கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குள்ளும் சண்டை.

"இந்தச் சம்பந்தமே வேண்டாம்!" என்று பெரியம்மை எழுந்தாள்.

"ஒனக்கு முன்னால எனக்கு வேண்டாம்!" என்று அத்தையும் எழுந்தாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நிறத்தைப் பற்றிய பேச்சை எப்படிப் பொறுப்பது? பொம்மைக்குப் பின்னாலிருந்து, "ஒரு பெண்ணின் நிறத்தை எடைபோடும் உரிமை எவருக்கும் கிடையாது!" என்று கத்தினேன். மனுவில் எழுதுகிற தமிழ் தானாக வந்துவிட்டது. பொம்மையின் கை கழன்று என் கையோடு வந்தது.

"ஏல குத்தாலம்!" என்று இருவரும் சேர்ந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அன்றைக்கு அவர்கள் சேர்ந்து செய்தது அது ஒன்றுதான். "எல்லாம் ஒன்னாலதாம்ல!"

தேவசகாயம் என்னைப் பார்த்தார். பொம்மையின் கையைப் பார்த்தார். "நீங்க அன்னைக்கு வேட்டிக்கு வந்தவருல்லா?"

அப்போதுதான் ஆவுடையின் குரல் கேட்டது. "எல்லாரும் உக்காருங்க."

அவள் கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதில்லை. அத்தை உட்கார்ந்தாள், பெரியம்மை உட்கார்ந்தாள், முன்பின் தெரியாத பெரியவரும் உட்கார்ந்தார். ஆவுடை கவுண்டரைச் சுற்றி வந்து, ஒரு வெல்வெட் ஸ்டூலை இழுத்து, இரண்டு பேருக்கும் நடுவில் தானும் உட்கார்ந்தாள். அந்த மாடியில் நின்றுகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தேவசகாயத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆவுடை அரக்குப் பட்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "அம்மா, நான் என்ன கலரு?"

பெரியம்மை முந்தானையைச் சரிசெய்தாள். "கறுப்புதான்."

"இது எனக்கு எப்படி இருக்கு?"

பெரியம்மை பார்த்தாள். அத்தை பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"…நல்லாத்தாம்ட்டி இருக்கு" என்றாள் பெரியம்மை.

பின்னாலிருந்து ஒரு பெண், "அக்கா, அதே கலருல தள்ளுபடியில எதும் இருக்கா?" என்று கேட்டாள். அவளும் கறுப்பு. அவளுக்குப் பின்னால் நின்றவளும்தான். அதற்குப் பிறகு ஆவுடையை நான் பார்க்கவில்லை, கூட்டம் மறைத்துவிட்டது.

செக்யூரிட்டி என் கையிலிருந்த பொம்மையின் கையை மரியாதையாக வாங்கிக்கொண்டு, என்னை வாசல் வரை கொண்டு விட்டான்.

ஆகஸ்ட் 3

வெந்நீரை ஆவுடையே வைத்துக்கொண்டாள். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னாள்.

"கல்யாண பார்ட்டி வந்துட்டு வாங்காம போனா, அந்தக் கவுண்டர் பிள்ளமேல குத்தம் எழுதுவாவ. தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"எம்மேல எழுதியாச்சு. உக்காந்ததுக்கும் சேத்து."

ஆகஸ்ட் 4

ஸ்டூலுக்கு அட்டை மடித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 10

பெரியம்மை போன் செய்தாள். நின்றுபோன கல்யாணத்துக்கு அத்தை வீட்டார் வந்து மன்னிப்புக் கேட்கும்வரை அவர்கள் முகத்தில் விழிக்க மாட்டாளாம். அத்தை போன் செய்தாள். மகளின் கல்யாணம் ஜவுளிக்கடையில் நின்றது என்று தெரு முழுவதும் பேச்சாம், இனி எவன் வருவான் என்று அழுகிறாள். கல்யாணமே இல்லையே அத்தை என்றேன். "அது எனக்கும் ஒனக்கும் தெரியும். தெருவுக்குத் தெரியுமால?" என்கிறாள்.

வடிவு தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "நின்னதுக்கு ரொம்ப நன்றி அத்தான். இனி ரெண்டு வருசம் நிம்மதியா படிப்பேன்."

பொன்னுத்தாய் பெரியம்மை வீட்டு மாடி அறையைப் பற்றி இனிக் கவலை இல்லை. அங்கேயும் விடமாட்டாள்.

ஆகஸ்ட் 19

ஆவணி பிறந்தாயிற்று. கடையில் நிஜமான கல்யாணக் கூட்டங்கள் வருகின்றனவாம். நிரந்தரத்தைப் பற்றி நான் கேட்பதில்லை. நேற்று ஒரு விவசாயிக்கு வாய்க்கால் தூர்வாரக் கோரி மனு எழுதும்போது, "ஐயா, என் மனைவியை வேலையை விட்டு நீக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு மனைவி இல்லையே தம்பி" என்றார். புதிதாக எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 30

நாளை மறுநாள் அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மெர்சியையும் அந்த அறைக்குத்தான் கூப்பிட்டார்கள்.

இரவுச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டேன். பருப்பு வேகவில்லை என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 1

ஆவுடை வந்தாள். செருப்பைக் கழற்றினாள். ஒரு உறையை என் கையில் கொடுத்துவிட்டு வெந்நீர் கேட்டாள்.

உறையில் இரண்டு தாள். ஒன்றில், ஆகஸ்ட் இரண்டாம் தேதி பணி நேரத்தில் உட்கார்ந்ததற்காக அரைநாள் சம்பளம் பிடித்தம். இன்னொன்றில் பணி நிரந்தரம். தண்டனையும் பரிசும் ஒரே கையெழுத்தில். இந்த நாட்டைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

"எப்படிட்டி?"

"தேவசகாயம் சார் சிரிச்சாவ. ஆடியில முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த ஒரே பார்ட்டி ஒன் சொந்தக்காரவதான்னாவ. கல்யாணக் கூட்டம்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சாம்."

எனக்குப் பூமி சூரியனைச் சுற்றுவது ஞாபகம் வந்தது.

"அப்ப ஏன் வெளிய அனுப்பல?"

"இந்தக் கிறுக்கு எதுவரைக்கும் போவும்னு பாத்தாவளாம்." காலை வெந்நீரில் விட்டாள். கண்ணை மூடவில்லை. "கட்டினவன் வீட்டு ஆளுவளயே உக்கார வெச்சவ எந்தக் கல்யாண பார்ட்டியயும் சமாளிச்சிருவான்னு மொதலாளிகிட்ட சொல்லிட்டாவளாம். அன்னைக்கு அரக்கு கலரு ஒண்ணுகூட மிச்சமில்ல பாத்துக்கிடுங்க. நாளையிலருந்து முன் கவுண்டரு."

"அந்த ஆளு நல்லவன்னு சொல்ல வாறியா?"

"நல்லவுகன்னு எப்பச் சொன்னேன்? அரைநாள் சம்பளம் பிடிச்சவுகளும் அவுகதான்." துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொண்டே, "இன்னொண்ணு. பொம்மைக்குப் பின்னால நின்ன ஆள மட்டும் இனி கடைக்குள்ள விடக்கூடாதுன்னு செக்யூரிட்டிகிட்ட சொல்லியாச்சாம்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நிரந்தர ஊழியரை நீக்குவதற்கு எத்தனை வழி இருக்கிறது என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன். என் கவலை மட்டும்தான் இந்த வீட்டில் சேர்ந்த நாளிலிருந்தே நிரந்தரம்.

செப்டம்பர் 2

ஆவுடை வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்பிவிட்டாள். கையில் ஒரு பெரிய சாக்குப் பை. என்ன என்று கேட்டதற்கு, "கடைக்கு" என்றாள்.

உலை வைத்துவிட்டு அரிசி டப்பாவை எடுக்கப் போனேன். ஸ்டூலைக் காணவில்லை. அடுக்களையில் இல்லை, குளியலறையில் இல்லை, கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் கேட்டேன். "ஒங்க வீட்டம்மா காலையில பஸ்ஸுல ஏத்திட்டுப் போனாவளே. கண்டக்டர் லக்கேஜ் போடணும்னாரு. இவுக அதுலயே உக்காந்துக்கிட்டாவ" என்றார்கள்.

ஆனபொறவு நான் பாத்துக்கிடுதேன் என்று அவள் சொன்னது இதைத்தானா?

ஸ்டூல் இருந்த இடத்தில் நான் மடித்து வைத்த அட்டை மட்டும் கிடந்தது. அது இல்லாமல் அந்த ஸ்டூல் ஆடும். மாடி முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆடக் கூடாது.

அடுப்பை அணைத்துவிட்டு, அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். என்னை உள்ளே விடமாட்டார்கள். செக்யூரிட்டி கையிலாவது கொடுத்துவிட்டு வர வேண்டும்.